சலவை வேன் இழுத்த படகு

மூன்று வருஷம் ஒரு மனுஷன் உட்கார்ந்து படகு கட்டினான். பலகைக்கும் பலகைக்கும் நடுவே நூல் நுழையுமா என்று பார்த்தான், தேய்த்ததையே தேய்த்தான், பூசினதையே பூசினான். எல்லாம் சரி. கட்டின படகை ஏரிவரைக்கும் எந்த வண்டி இழுத்துக்கொண்டு போகும் என்று ஒருநாளாவது யோசித்தானா? இல்லை. அந்த யோசனை மொத்தமும் அவன் பெண்டாட்டி தலையில் வந்து விழுந்தது.

அவனுக்குத் தெருவில் 'மில்லி' என்று பேர். புதிதாகக் கேட்பவர்கள், ஐயோ பாவம், குடிகாரன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அவன் நாக்கில் காபியைத் தவிர வேறொன்றும் பட்டதில்லை. தச்சன் அவன், எதை அளந்தாலும் மில்லிமீட்டரில்தான் சொல்வான். வீட்டுக் கதவு எவ்வளவு உயரம் என்று கேட்டால் இரண்டாயிரத்து நூறு என்பான். அவளுக்கு 'வேன்காரி' என்று பேர். சொந்தமாக ஒரு பழைய வேன் வைத்துக்கொண்டு, சலவை நிலையத்திலிருந்து ஹோட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் துணி மூட்டை கொண்டுபோய்ப் போடுகிறவள். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்த வேனால்தான்.

படகு வளர்ந்தது, இவர்கள் வீட்டை ஒட்டியே இருந்த மில்லியின் அண்ணனுடைய ஷெட்டில். அண்ணன் பெரிய மனுஷர். டைல்ஸ் கடை வைத்திருக்கிறார், புத்தம் புதிதாக ஜீப் மாதிரி ஒரு உயரமான கார் வைத்திருக்கிறார், அதற்குத் தினமும் இரண்டு வேளை குளியல். ஷெட்டில் பாதி படகுக்கு, பாதி காருக்கு. தம்பி பெண்டாட்டியின் வேனுக்கு மட்டும் அங்கே இடமில்லை. "வீட்டு முன்னால அதை நிறுத்தாதே, சோப்பு நாத்தம் அடிக்குது" என்று அவர் ஒருநாள் சொன்னதிலிருந்து அவள் அதைத் தெருமுனையில்தான் நிறுத்துகிறாள். எட்டு வருஷமாக. மழையோ வெயிலோ, இறங்கி வீடுவரை நடை.

ஒரு திங்கட்கிழமை காலை பெரியவர் ஷெட் வாசலில் நின்று தீர்ப்பு சொன்னார்.

"இங்க பாருடா. ஏரி ஆபீஸ்காரங்க வருஷத்துக்கு ஒரே ஒரு நாள்தான் புதுப் படகை ஏரில விட நம்பர் குடுக்கறாங்க. போன வருஷம் பெயிண்ட் சரியில்லேன்னு நீ போகல. அதுக்கு முந்தின வருஷம் பெஞ்சு உயரம் சரியில்லேன்னு போகல. வர்ற வெள்ளிக்கிழமையும் விட்டேன்னா என் ஷெட்ல இடமில்ல, படகு ஹோட்டலுக்கு. நான் வாக்கு குடுத்துட்டேன்."

"ஹோட்டலுக்கு எதுக்குண்ணே படகு?" என்றான் மில்லி.

"ஹோட்டல்காரர் தோட்டத்துல வெச்சு மண்ணு போட்டுப் பூச்செடி வெக்கப் போறாராம்."

மில்லி கையிலிருந்த, மரம் தேய்க்கிற உப்புத்தாளை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். அக்கரைக்கும் இக்கரைக்கும் ஜனங்களை ஏற்றிக்கொண்டு போகப் போகிற படகு என்று நினைத்து ஒவ்வொரு பலகையாக வளைத்தவன் அவன். அதற்குள் மண்ணா! வேன்காரியும் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை அந்தப் படகு தின்றிருக்கிறது, அவளே எத்தனையோ தடவை அதைத் திட்டியிருக்கிறாள். ஆனால் அவள் திட்டுவது வேறு, இன்னொருத்தன் அதில் செடி நடுவது வேறு.

"வெள்ளிக்கிழமை நிச்சயம் போறோம் மாமா" என்றாள்.

"போலாமே. நானே என் கார்ல இழுத்துக்கிட்டு வரேன். கொக்கிகூட வாங்கிட்டேன் பாரு" என்று பெரியவர் டிரெய்லர் மாட்டுகிற ஒரு பளபள இரும்பு உருண்டையைக் காட்டினார். அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

அவள் கொக்கியைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தாள். "மாமா, இந்தக் காரோட புத்தகத்தைக் கொஞ்சம் எடுங்களேன்."

புத்தகம் வந்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். பெரியவர் அதைத் தொட்டதே இல்லை. அவள் பக்கம் புரட்டி விரல் வைத்தாள். எவ்வளவுதான் உயரமாக நின்றாலும் அது முன்சக்கரம் இழுக்கிற கார். இழுக்கக்கூடிய பாரம் ஆயிரம் கிலோ, அதற்கு மேல் கூடவே கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

"நம்ம படகு எவ்வளவுங்க?" என்று புருஷனைக் கேட்டாள்.

"அறுநூறு கிலோ இருக்கும்" என்றான் மில்லி.

"இருக்கும்னா? அளந்தீங்களா?"

"நீளம் அளந்தேன். அகலம் அளந்தேன்."

எடை பார்க்கவில்லை! அரை மில்லிமீட்டர் கூடினதற்காக ஒரு பெஞ்சையே கழற்றி எறிந்த மகராசன், மொத்தப் படகின் எடையைக் குத்துமதிப்பாக வைத்திருக்கிறான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்து வீடு பழைய இரும்புக் கடை. அங்கே லாரியையே நிறுத்தி எடை பார்க்கிற மேடை இருக்கிறது. இரவல் வாங்கி வைத்திருந்த டிரெய்லரில் படகை ஏற்றி, மோட்டார், பெட்ரோல் டாங்க், பேட்டரி, நங்கூரம், மிதவைச் சட்டைகள் எல்லாவற்றையும் உள்ளே போட்டு, தெருவில் போன பத்துப் பேரைக் கூப்பிட்டுத் தள்ளிக்கொண்டு போய் மேடையில் நிறுத்தினார்கள். முள் ஆயிரத்து முந்நூற்று நாற்பதில் போய் நின்றது.

"மில்லிமீட்டர்ல பொழைக்கிறவருக்குக் கிலோவுல எழுநூத்தி நாப்பது விட்டுப்போச்சு" என்றாள். தள்ளிக்கொண்டு வந்த பத்துப் பேரும் சிரித்தார்கள். மில்லியும் சிரித்தான், வேறு என்ன செய்வான்.

பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "கொஞ்சம் முன்னே பின்னேதானே. என் கார் இழுக்கும்."

"இழுத்தாலும் நிக்காது மாமா. இறக்கத்துல படகு காரைத் தள்ளும். என் வேன் இழுக்கட்டும். பின்சக்கரம் இழுக்கிற வண்டி, அடியில லாரி மாதிரி இரும்புச் சட்டம், முதல் கியர்ல சுவத்தையே தள்ளும். டிரெய்லர்ல பிரேக் இருந்தா ஆயிரத்து எண்ணூறு கிலோ வரைக்கும் தாங்கும்னு என் புத்தகம் சொல்லுது. இந்த டிரெய்லர்ல பிரேக் இருக்கு."

"ஏம்மா, அழுக்குத் துணி தூக்குற வண்டியை வெச்சா படகு இழுக்கப் போறே? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும் மாமா. நானும் சேர்ந்து சிரிச்சுக்கறேன்."

வாய்க்கு வாய் பேசிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்குத் திக்கென்றுதான் இருந்தது. வேன் போனால் பிழைப்பு போச்சு, படகு போனால் புருஷன் போச்சு. ஆள் இருப்பான், ஆனால் உள்ளே ஒன்றுமில்லாமல் போய்விடுவான் என்று அவளுக்குத் தெரியும். கையில் இருந்தது நாலு நாள்.

அந்த நாலு நாளும் வேலைக்கு நடுவே வேலை. மெக்கானிக் வேனுக்கு அடியில் படுத்தவர், "பம்பர்ல எல்லாம் கொக்கி மாட்டக் கூடாதுக்கா, பேத்துக்கிட்டு வந்துடும்" என்று சொல்லி, இரும்புச் சட்டத்திலேயே துளை போட்டு ஆறு போல்ட் வைத்து முடுக்கினார். கிளட்ச் தட்டு புதிது மாற்றினார். ரேடியேட்டரைக் கழுவினால் உள்ளேயிருந்து காபி நிறத்தில் தண்ணீர் வந்தது. பிரேக் எண்ணெய் மாற்றி, டயருக்குக் காற்றேற்றி, டிரெய்லரின் விளக்குகளுக்கு ஒயர் இழுத்தார். படகு வேனைவிட அகலம் என்பதால் இரண்டு பக்கமும் கண்ணாடியை மில்லி கம்பி வைத்து வெளியே நீட்டினான். கொக்கி தப்பினாலும் டிரெய்லர் ஓடிப்போகாமல் இருக்க இரண்டு சங்கிலி, குறுக்கே மாட்டியது.

சாயங்காலங்களில் சலவை நிலையத்தின் பின்முற்றத்தில் காலி டிரெய்லரை வைத்து அவள் ரிவர்ஸ் பழகினாள். முதல் நாள் அது அவள் பேச்சைக் கேட்கவே இல்லை. இடப்பக்கம் ஒடித்தால் வலப்பக்கம் போனது. இரண்டாம் நாள் சூட்சுமம் பிடிபட்டது: கையை ஸ்டியரிங்கின் அடியில் வைத்துக்கொள்ள வேண்டும், கை எந்தப் பக்கம் நகர்கிறதோ டிரெய்லரின் வாலும் அந்தப் பக்கம் போகும். பின்னால் நின்று மில்லி கத்திக்கொண்டே இருந்தான்.

"இன்னும் முந்நூறு இடது!"

"முந்நூறாவது நானூறாவது, கைய விரிச்சுக் காட்டுங்க!"

வியாழக்கிழமை மத்தியானம் படகோடு சேர்த்து மாட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. டிரெய்லரின் மூக்கை, கொக்கியில் மாட்டுகிற முனையை, ஒற்றைக் கையால் தூக்க முடிந்தது. மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். "மூக்குல பாரம் இல்லேக்கா. பாரம் எல்லாம் வால்ல இருக்கு. இப்படியே ரோட்டுல போனீங்க, பின்னால ஆட ஆரம்பிச்சு வண்டியையே கவுத்துடும். மூக்குல நூறு கிலோவுக்குப் பக்கம் உக்காரணும்."

எடை பார்க்க எதை வைப்பது? பெரியவரின் பெண்டாட்டி, வேன்காரிக்கு ஓர்ப்படி, இவ்வளவு நேரம் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த ஆள் எடை பார்க்கிற மெஷினை முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்தார். "நான் கொடுத்தேன்னு அவர்கிட்ட சொல்லிடாதே. தினம் ஏறிப் பாக்கறேன்னு தெரிஞ்சா கிண்டல் பண்ணியே கொன்னுடுவார்." அதன்மேல் ஒரு கட்டையை நிறுத்தி, டிரெய்லர் மூக்கை இறக்கினார்கள். முப்பத்தைந்து. பேட்டரி, டாங்க், நங்கூரம் எல்லாவற்றையும் படகின் முன்பக்கம் கொண்டு வந்தார்கள், அறுபத்தெட்டு. படகையே டிரெய்லரில் ஒரு ஜாண் முன்னுக்கு இழுத்தார்கள், தொண்ணூற்றாறு. "போதும், போதும்!" என்று மெக்கானிக் கை தட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினார்கள். அன்றைக்கு ஹோட்டலுக்குப் போட வேண்டிய படுக்கை விரிப்பு மூட்டை பன்னிரண்டு, துவைத்துத் தேய்த்து மடித்தது, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அடுக்கியிருந்தது. படகை இறக்கி, நம்பர் வாங்கி, மத்தியானம் ஹோட்டலில் மூட்டையைப் போட்டுவிடலாம் என்பது அவள் கணக்கு. நாற்பதுக்கு மேல் ஓட்டவில்லை. ஒரு பெரிய லாரி விர்ரென்று பக்கத்தில் கடந்து போனபோது மில்லி கண்ணை மூடிக்கொண்டான். டிரெய்லர் அசையவில்லை. நடுவழியில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவே கை வைத்துச் சூடு பார்த்தாள், வெதுவெதுப்பு, அவ்வளவுதான். பின்னால் பெரியவரின் கார் ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தது.

ஏரிக்கரையில் கூட்டம். சிமெண்ட் சரிவு ஒன்று தண்ணீருக்குள் இறங்குகிறது. ஆபீசர் கையில் முத்திரையோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஹோட்டல்காரரும் வந்திருந்தார், கூடவே தோட்டக்காரரும். தோட்டக்காரர் படகைச் சுற்றி வந்து, "ரெண்டு வண்டி மண்ணு பிடிக்கும்" என்றார். மில்லியின் முகம் சுருங்கியது.

"தண்ணில அரை மணி நேரம் மிதக்கணும். அப்புறம் மேல இழுத்துக்கிட்டு வரணும், அடிப்பாகத்தைப் பாத்துட்டுத்தான் நம்பர். பன்னெண்டு மணிக்கு நான் கிளம்பிடுவேன்" என்றார் ஆபீசர்.

வேன்காரி சரிவில் ரிவர்ஸ் எடுத்தாள். கை ஸ்டியரிங்கின் அடியில், கண் நீட்டிய கண்ணாடியில். ஒரே மூச்சில், நேர்கோடு போட்டதுபோல டிரெய்லர் தண்ணீருக்குள் இறங்கியது. படகு மெல்லத் தூக்கிக்கொண்டு மிதந்தது. அட அட அட! மூன்று வருஷமாக ஷெட்டில் முட்டுக்கொடுத்து நின்ற மரம், தண்ணீரைத் தொட்டதும் தனக்குத் தெரிந்த இடத்துக்கு வந்துவிட்ட மாதிரி நின்றது. ஆபீசர் ஏறி உள்ளே கை வைத்துத் தடவினார். ஒரு சொட்டு இல்லை. மில்லி அழுதுவிட்டான், மறைக்கவும் இல்லை.

பதினொன்றே முக்காலுக்குப் படகை டிரெய்லரில் ஏற்றிக் கட்டினார்கள். அவள் முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டாள். வேன் ஒரு முழம் ஏறியது. பின்சக்கரம் விர்ரென்று நின்ற இடத்திலேயே சுற்றியது. மறுபடி போட்டாள். பச்சைப் பாசியில் டயர் வழுக்கி, வேன் அங்குலம் அங்குலமாகப் பின்னால் போனது. மில்லி ஓடிவந்து சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுத்தான்.

"செவ்வாய்க்கிழமை வந்து பாத்தப்ப இந்தச் சரிவுல மண்ணு, சரளை எல்லாம் இருந்துச்சே? எங்க போச்சு?" என்றாள்.

மில்லி ஓரத்தில் குவிந்து கிடந்த சரளையைக் காட்டினான். "நேத்து சாயங்காலம் வந்து கூட்டிட்டேன். கழுவியும் விட்டேன். படகு அடியில கீறல் விழுந்துடுமேன்னு..."

உலகத்தில் வேறு எவன் செய்வான் இதை? பொதுச் சரிவை விளக்குமாறு போட்டுக் கூட்டி, பிடிமானத்துக்குக் கிடந்த சரளையை ஓரமாகக் குவித்து, பாசியைத் தண்ணீர் விட்டு ஊறவைத்து! அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்" என்று பெரியவர் தன் காரைச் சரிவின் தலைமாட்டில் நிறுத்தி, வேனுக்குக் கயிறு கட்டி இழுத்தார். பாரம் பின்னால் தொங்கியதில் காரின் மூக்கு மேலே தூக்கியது. முன்சக்கரம் இரண்டும் காற்றில் சுற்றுவதுபோலச் சுற்றித் தூசியை வாரி ஹோட்டல்காரர் மேல் கொட்டின. கரிந்த வாடை வந்தது. பெரியவர் இறங்கிக் காரைப் பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். மணி பதினொன்று ஐம்பது.

குவித்திருந்த சரளையை ஆளுக்கொரு கை அள்ளி டயருக்கு முன்னால் போட்டார்கள். அவள் கிளட்சை விட்டதும் டயர் அதை உதைத்துப் பின்னால் தள்ளிவிட்டது. சரளை இருந்து என்ன, அதை அழுத்த மேலே பாரம் வேண்டாமா? அப்போதுதான் அவளுக்கு ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரியின் பின்பக்கச் சரிவில் மழை நாளில் காலி வேன் ஏறவே ஏறாது. ஒருமுறை சலவை நிலையத்தில் உலர்த்துகிற மெஷின் பழுதாகி ஈரத்துணியையே ஏற்றிக்கொண்டு போனாள். அன்றைக்குக் கொட்டுகிற மழையில் அதே வேன் அசராமல் ஏறியது.

கதவைத் திறந்து குதித்தாள். "எல்லாரும் வாங்க! மூட்டையை எடுங்க! தண்ணில முக்குங்க!"

"எதை?" என்றான் மில்லி.

"பெட்ஷீட்டைத்தான்! நல்லா ஊறட்டும், பிழியாதீங்க. பின்சக்கரத்துக்கு நேர் மேல அடுக்குங்க!"

"ஐயோ, அது என் ஹோட்டல் பெட்ஷீட்டு!" என்று ஹோட்டல்காரர் அலறினார்.

"மறுபடி துவைச்சாப் போச்சு சார்! சாயங்காலம் தரேன், வேணும்னா ரெண்டு தடவை துவைச்சுத் தரேன்!"

யோசிக்க யாருக்கும் நேரமில்லை. தோட்டக்காரர் முதலில் ஒரு மூட்டையைத் தூக்கினார். படகு பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று எடுத்தார்கள். வெள்ளை வெளேரென்ற விரிப்புகள் ஏரியில் விழுந்து பச்சைத் தண்ணீரைக் குடித்து உப்பின. தூக்கிப் பார்த்தால் ஒரு மூட்டைக்கு இரண்டு ஆள் தேவைப்பட்டது. பெரியவர் ஒரு நிமிஷம் சும்மா நின்று பார்த்தார். பிறகு பாலிஷ் போட்ட ஷூவோடு முழங்கால்வரை தண்ணீரில் இறங்கி, "கொண்டாங்க இங்கே" என்று கை நீட்டினார். பன்னிரண்டு மூட்டையும் ஏறின. வேனின் பின்பக்கம் அழுத்தி உட்கார்ந்தது.

பன்னிரண்டு அடிக்க மூன்று நிமிஷம். அவள் சீட்டில் ஏறினாள். முதல் கியர் போட்டாள். முறுக்காமல், அவசரப்படாமல், கிளட்சை ஒரு நூல், இன்னொரு நூல் என்று விட்டாள். டயர் சரளையைக் கடித்தது. வேன் உறுமியது. ஒரு முழம். இரண்டு முழம். "வருது! வருது!" என்று கரையில் சத்தம். பின்கதவு வழியாக ஏரித்தண்ணீர் ஒழுக ஒழுக, வேன் மூச்சுத் திணறாமல் அந்தப் பாசிச் சரிவில் ஏறியது. பின்னாலேயே டிரெய்லர், அதன்மேல் வெயிலில் மினுங்கிக்கொண்டு படகு. மேட்டில் ஏறி நின்றதும் அவள் ஹாரனை அழுத்தியவள் விடவே இல்லை.

ஆபீசர் குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்தார். "ஒரு கீறல்கூட இல்லையே" என்றார்.

"எப்படி இருக்கும்? கூட்டித் துடைச்சு வெச்சிருந்தாரே!" என்றாள் வேன்காரி. கரையே சிரித்தது. முத்திரை படாரென்று விழுந்தது. முப்பத்தொன்று, அதுதான் படகின் நம்பர். மில்லி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு இத்தனை பேர் எதிரே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னால" என்றான். அவளும் அந்தக் கையை விடவில்லை.

தோட்டக்காரர் ஹோட்டல்காரரிடம், "அப்ப மண்ணு வேணாமுங்களா?" என்று கேட்டார். ஹோட்டல்காரர் சட்டையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டே, "போய்யா, பூவாவது செடியாவது. நம்ம அக்கரை ஹோட்டலுக்கு இனிமே துணியெல்லாம் இந்தப் படகுலதான் வரணும். ஏரியைச் சுத்திக்கிட்டு எவன் வருவான்" என்றார்.

பெரியவர் ஷூவைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார். அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"ஏம்மா, வேனை இனிமே தெருமுனையில நிறுத்தாதே. படகோட சேத்து ஷெட்டுக்குள்ள கொண்டாந்து போடு."

"அப்ப உங்க கார் மாமா?"

"அது கிடக்கு. தெருமுனையில நிக்கட்டும்."

"மழை பேஞ்சா நனையுமே மாமா?"

"நனைஞ்சா நனையட்டும்மா. எட்டு வருஷம் உன்னுது நனையலியா?"

கிண்டலாக ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது அவளுக்கு. ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது, அதனால் விழுங்கிக்கொண்டாள். அன்று சாயங்காலம் பெரியவர் தன் காரைத் தானே எடுத்துத் தெருமுனையில் விட்டுவிட்டு நடந்து வந்தார். தெருவே வேடிக்கை பார்க்க, அவள் கையை ஸ்டியரிங்கின் அடியில் வைத்து, ஒரே திருப்பில் படகையும் வேனையும் ஷெட்டுக்குள் ரிவர்ஸ் எடுத்துவிட்டாள். இரண்டு பக்கமும் எவ்வளவு இடம் மிச்சம் என்று அளக்க மில்லி டேப்பை உருவினான்.

"உள்ள வைங்க அதை" என்றாள் ஜன்னல் வழியாக.

மில்லி டேப்பைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் கை தட்டினான்.